ஆறு முழ அலமாரியும் இழுப்புப் பெட்டியும்

எட்டுமூலைப்பட்டி என்று ஒரு ஊர். மொத்தம் எத்தனை மூலை என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. ஏழு வரைக்கும் வருவார்கள், அதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் நாலு பேர். மூத்தவன் சடையாண்டி. அடுத்தவன் வீரணன், அவனுக்கு அடுத்து மாயழகு, கடைக்குட்டி சுருளி. சடையாண்டிக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி செவனம்மாவுக்குப் பத்து மாசத்தில் ஒரு கைப்பிள்ளை. செவனம்மா அதிகம் பேச மாட்டாள். பேசாமல் இருந்ததால் அவள் கெட்டிக்காரி என்று நாலு பேரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் அவளும் நம்பிவிட்டாள்.

வீடு கட்டும்போது கொத்தனார், "அடுப்படிச் சுவத்துல ஒரு அலமாரி தோண்டிக்கங்க. ஆழமா இருந்தா சாமான் நிறையப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நாலு பேரும் தோண்டினார்கள். சுவர் தீர்ந்து போனது. சுவருக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது, அதையும் தோண்டினார்கள். கொத்தனார் வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பி வந்து "போதும்" என்று சொல்லும்போது அலமாரிக்கு அகலம் ஒரு முழம், ஆழம் ஆறு முழம். அடுப்படியே அலமாரியிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நாலு முழம்தான்.

சாமான் நிறையத்தான் பிடித்தது. உள்ளே போன சாமான் எதுவும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். போன வருசத்துப் பெருங்காயம் ஒன்று உள்ளே எங்கேயோ இருந்துகொண்டு வாசத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது, வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காது குத்து என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் தவசி, செவனம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், பக்கத்து ஊரில் இருந்தார். பூர்வீகம் எட்டுமூலைப்பட்டிதான். பொசுக்கென்று கோபித்துக்கொள்ளும் மனுசன். ஒரு தடவை தங்கச்சி வீட்டுப் பாயசத்தில் வெல்லம் கம்மி என்று ஒன்பது மாசம் பேசாமல் இருந்தவர். பிள்ளை பிறந்ததும் அவர்தான் வெள்ளி அரைஞாண் கொண்டு வந்து போட்டார். வெள்ளிக்கிழமை அது பிள்ளை இடுப்பில் இல்லையென்றால் மடியைக் கொடுக்க மாட்டார். மடி இல்லையென்றால் காது குத்து இல்லை.

அந்த அரைஞாணைச் செவனம்மா ஒரு ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு, அலமாரியின் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். கள்ளன் கைக்கு எட்டக் கூடாது என்று செய்தது. தன் கைக்கும் எட்டாது என்பது அவளுக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

அவள் கையை விட்டாள், எட்டவில்லை. கரண்டியை விட்டாள், எட்டவில்லை. சடையாண்டி துரட்டிக் கம்பைக் கொண்டு வந்து ஒரு குத்துக் குத்தினான். ஜாடி இன்னும் ஒரு சாண் உள்ளே போய்ப் பத்திரமாக நின்றது.

"ஒங்க அண்ணனை அடுத்த வருசம் வரச் சொல்லுவமா? அதுக்குள்ள கை வளந்துரும்" என்றான் சடையாண்டி.

"யாரு கை?"

"பிள்ளை கை. அவனே எடுத்து மாட்டிக்கிருவான்ல."

செவனம்மா யோசித்துப் பார்த்தாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருசம் அண்ணன் பேசாமல் இருப்பாரே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சுருளி ஒரு விசயம் சொன்னான். டவுனில் ஒரு வீட்டு அடுப்படியில் அவன் கண்ணால் பார்த்தது. அலமாரிக்குள் சக்கரம் வைத்த நீளப் பெட்டி. பிடித்து இழுத்தால் சாமான் மொத்தமும் சாமி தேர் மாதிரி வெளியே வரும். தள்ளினால் உள்ளே போகும்.

"சாமான் தானா வருதா? அப்ப நாம எதுக்கு?" என்றான் வீரணன்.

"நாம இழுக்கணும்ல" என்றான் சுருளி. எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

டவுன் ஆசாரியிடம் போவதற்கு அலமாரியின் அளவு வேண்டும். சுருளி ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, சாமான்களின்மேல் ஊர்ந்து அலமாரியின் கடைசி வரைக்கும் போய்விட்டான்.

"தம்பி, அங்கன ஜாடி இருக்கா?" என்று செவனம்மா வெளியே இருந்து கேட்டாள்.

"இருக்கு மதினி. மூக்குல இடிக்குது."

"அலுங்காம இருக்கா?"

"அலுங்காம இருக்கு."

"நல்லவேளை, நீ பாத்து வா தம்பி" என்றாள். சுருளி ஜாடியை அலுங்காமல் விட்டுவிட்டு அளவோடு வெளியே வந்தான்.

கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றான் மாயழகு. சடையாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆறு முழக் கயித்தச் சுருட்டுனா ஒரு பிடிதான் வரும். ஆசாரி ஒரு பிடிக்குப் பெட்டி செஞ்சு குடுத்துட்டா என்ன செய்வ?"

அதனால் ஒருவன் இந்த நுனியையும் ஒருவன் அந்த நுனியையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மற்ற இருவரும் நடுவில் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் குனிந்து போனார்கள். ஒரு மாடு மட்டும் குனியவில்லை. அதற்கு அளவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மன்னித்து, அவர்களே கயிற்றைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

ஆசாரி இரண்டு நாளில் பெட்டியைச் செய்து கொடுத்தார். இடுப்பு உயரம், ஆறு முழ நீளம், அடியில் எட்டுச் சக்கரம். எடுத்துப் போகும்போது நாலே நாலு பேச்சுச் சொன்னார். "மொதல்ல அலமாரியைக் காலி பண்ணுங்க. ரெண்டு பக்கமும் ஒரு விரல் விட்டுப் பெட்டியை உள்ள தள்ளுங்க. சக்கரத்துக்கு எண்ணெய் விடுங்க. அப்புறம் மெதுவா இழுத்துப் பாருங்க."

நாலு பேச்சையும் ஒரே தலையில் வைத்தால் ஒன்றோடொன்று கலந்து வீணாகிவிடும் என்று பயந்து, ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் எதைப் பங்கு வைத்தாலும் சின்னவனுக்குத்தான் முதல் பங்கு. அதனால் முதல் பேச்சு சுருளிக்குப் போனது. இரண்டாவது மாயழகுக்கு, மூன்றாவது வீரணனுக்கு. மிச்சம் இருந்த கடைசிப் பேச்சைச் சடையாண்டி எடுத்துக்கொண்டான்.

பங்குக்குத்தான் சின்னவன் முதல். வேலை என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் மூத்தவன்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு சடையாண்டி ஆரம்பித்தான். மெதுவாக இழுத்துப் பார்த்தான். பெட்டி வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்தது.

"எப்படி வருது பாத்தியா?" என்றான்.

"வெண்ணெய் மாதிரி வருதுண்ணே" என்றார்கள் தம்பிகள்.

அடுத்து வீரணன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான். எங்கே நிறுத்துவது என்று ஆசாரி சொல்லவில்லை, அதனால் டின் தீர்ந்ததும் அதுவாக நின்றது. அடுத்து மாயழகு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை நீட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அலமாரியைப் பார்த்தான். உள்ளே ஒரே சாமான். பெட்டியைத் தள்ள வழியில்லை. நீட்டிய விரலோடு ஓரமாக நின்றுகொண்டான்.

கடைசியாகச் சுருளி. ஊர்ந்து போய் அலமாரியைக் காலி பண்ணினான். உப்பு, புளி, வத்தல், இரண்டு உலக்கைப் பூண், பெருங்காயம், ஒரு வருசமாகத் தேடிய சல்லடை எல்லாம் வந்தன. கடைசியில் ஊறுகாய் ஜாடியும் வந்தது. செவனம்மா அதைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தாள். ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே வெள்ளி கிலுங்கியது. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"ஏங்க, ஜாடி வந்திருச்சு. அரைஞாணை எடுத்துரவா?"

சடையாண்டி அவளைப் பாவமாகப் பார்த்தான். "கூறு இருக்கா ஒனக்கு? இப்ப எடுத்துட்டா அப்புறம் பெட்டி எதுக்கு?"

செவனம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று, சாமான் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அழகாக அடுக்கினாள். ஜாடிக்கு எப்போதும் கடைசி இடம்தானே. பெட்டியின் கடைக்கோடியில் அதை வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் புளியை அப்பினாள்.

நாலு பேச்சும் முடிந்துவிட்டது. பெட்டி மட்டும் வாசலிலேயே இருந்தது. நாலு பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஆசாரி சொன்னது எதையும் விட்டமா?" என்றான் வீரணன்.

"ஒண்ணையும் விடலை."

"அப்ப ஆசாரிதான் பத்தாம சொல்லியிருக்காரு. இன்னொரு தடவை செய்வோம்."

இன்னொரு தடவை இழுத்தார்கள், எண்ணெய் விட்டார்கள். மாயழகின் முறை வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், நாலு முழ அடுப்படியில் ஆறு முழப் பெட்டி திரும்ப மாட்டேன் என்றது. அலமாரிக்கு எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. வீட்டுத் தரையும் தெருவும் ஒரே மட்டம். அதனால் அந்தச் சுவரைப் பெட்டி அளவுக்கு இடித்துவிட்டு, தெருவிலிருந்து நேராகத் தள்ளினார்கள். மாயழகு பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் விட்டுக்கொண்டு கூடவே போனான். பெட்டி போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது, இரண்டு விரலோடும்.

"வலிக்குதா?" என்றான் சடையாண்டி.

"வலிக்குதுண்ணே. எடுத்துரவா?"

"எடுத்தா எடம் போயிருமேடா."

"அப்ப எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்?"

இதுவும் ஆசாரி சொல்லாமல் விட்டது. அலமாரி இருக்கிற வரைக்கும் இருக்க வேண்டியதுதான் என்று முடிவானது. அப்போது சுருளி முன்னால் வந்தான். அவன் முறை.

"அலமாரியைக் காலி பண்ணணும்" என்றான்.

அலமாரிக்குள் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. பேச்சு பேச்சுத்தானே. பெட்டியைத் தெருவுக்கு இழுத்து அலமாரியைக் காலி பண்ணினான். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். மறுபடி உள்ளே தள்ளினார்கள், மறுபடி சுருளி காலி பண்ணினான். புதன்கிழமை முழுக்க இப்படியே போனது. வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் பெட்டி பதினோரு தடவை உள்ளே போய்ப் பதினோரு தடவை வெளியே வந்தது.

செவனம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் சடையாண்டியின் காதோரம் போய்ச் சொன்னாள்.

"தம்பியை எங்கயாச்சும் அனுப்பிட்டா, காலி பண்ண ஆள் இருக்காதுல்ல?"

சடையாண்டி அசந்துபோனான். இப்படி ஒரு மூளை தன் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. செவனம்மா சுருளியைக் கூப்பிட்டு, வெற்றிலை வாங்கி வரச் சொன்னாள்.

"எந்தக் கடையில மதினி?"

"எது தூரமோ அதுல தம்பி."

அவன் போன நேரத்தில் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் அவன் திரும்பி வந்து, "காலி பண்ணணுமே" என்று நின்றான். "நீ இல்லாதப்ப பண்ணியாச்சு தம்பி" என்றாள் செவனம்மா. சுருளிக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

மாயழகு மட்டும் இரண்டு விரலையும் அலமாரிக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். செவனம்மா பிள்ளைக்குச் சோறு பிசையும்போது கொஞ்சம் கூடப் பிசைந்தாள். பிள்ளைக்கு ஒரு வாய், கொழுந்தனுக்கு ஒரு வாய். பிள்ளை துப்பினான். மாயழகு துப்பவில்லை, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

விசேச வீட்டில் சுவரில் ஓட்டை இருந்தால் அண்ணன் என்ன நினைப்பார் என்று செவனம்மா கவலைப்பட்டாள். அதனால் வீரணனும் சுருளியும் மண் குழைத்து ஓட்டையை அடைத்துப் பூசினார்கள். செவனம்மா சுவருக்கு வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தாள். கொஞ்சம் மிஞ்சியது. வீணாகப் போகக் கூடாதென்று, விரல் விட்ட சந்தில் மட்டையை நுழைத்து எட்டுகிற வரைக்கும் பெட்டியின் பக்கத்துக்கும் வெள்ளை ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை என்று அடித்துவிட்டாள். எட்டாத இடத்துக்கு மாயழகு காலால் அடித்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை. தவசி வருகிற மினி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டாயிற்று. இடுப்பு மட்டும் வெறும் இடுப்பு. எல்லாரும் அடுப்படியில் கூடினார்கள். சடையாண்டி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, ஆசாரி சொன்னபடி மெதுவாக இழுத்தான்.

வந்தது. அத்தனை டின் எண்ணெயும் என்னமாக வேலை செய்தது என்கிறீர்கள். மாயழகின் விரல் இரண்டும் விடுதலையாயின. உப்பு வந்தது, சல்லடை வந்தது, பெருங்காயம் வந்தது. நாலு முழம் வந்ததும் பெட்டி எதிர்ச் சுவரில் முட்டி நின்றது. இன்னும் இரண்டு முழம் அலமாரிக்குள்ளேயே இருந்தது. அந்தக் கடைசி இரண்டு முழத்தின் கடைசிச் சாணில் ஜாடி இருந்தது.

செவனம்மாவின் கண்ணில் தண்ணீர் திரண்டது.

"அடுப்படியை நீளமாக்கணும்" என்றான் வீரணன் கடைசியில்.

"எந்தப் பக்கம்?"

"பெட்டி எந்தப் பக்கம் போகணுங்குதோ அந்தப் பக்கம்."

காயாத சுவர், ஒரே இடியில் விழுந்தது. நாலு பேரும் தெருவுக்கு ஓடிப் போய், ஓட்டை வழியாக வந்த பெட்டியைப் பிடித்து ஒன்றுசேர்ந்து இழுத்தார்கள். இந்தத் தடவை மெதுவாக இழுக்க யாருக்கும் பொறுமை இல்லை. பெட்டி வழுக்கிக்கொண்டு போய்த் தெருவின் குறுக்கே எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டு நின்றது. பெட்டியின் வால் மட்டும் ஒரு சாண் அடுப்படிக்குள் நின்றது. அந்த ஒரு சாணில், புளிக்கு நடுவில், ஜாடி.

செவனம்மா ஜாடிக்குள் கையை விட்டாள். எட்டியது. அரைஞாணை எடுத்துப் பிள்ளை இடுப்பில் கட்டினாள். பிள்ளை குனிந்து அதைப் பார்த்துவிட்டு வாயில் வைக்கப் போனான். அவள் அவனைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். தெருவில் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, எண்ணெய் வழுக்கி, மொத்தமாக விழுந்து எழுந்தார்கள்.

"இப்ப உள்ள தள்ளிரவா?" என்றான் மாயழகு, விரலை நீட்டிக்கொண்டே.

"தள்ளிராத. மச்சான் வந்து ஒரு பார்வை பாக்கட்டும். பாத்த பெறகு தள்ளுவோம்" என்றான் சடையாண்டி.

கொஞ்ச நேரத்தில் மினி பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் எட்டுமூலைப்பட்டிதான். தெருவின் குறுக்கே, இடுப்பு உயரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒன்று மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் டிரைவர் பிரேக்கை அழுத்தினார்.

"ரயில்வே கேட்டு" என்றார்.

கண்டக்டர் இறங்கி வந்து, தொட்டுப் பார்த்து, "ஆமா, பெயிண்டே இன்னும் காயலை. புதுசா போட்ருக்காங்க" என்று சொல்லி விசில் ஊதினார். டிரைவர் இஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த மாட்டு வண்டிகளும் வரிசையாக நின்றன.

ஜன்னல் வழியாகத் தவசி தலையை நீட்டினார். பக்கத்தில் காது குத்துகிற பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், வாங்க, எறங்கி வாங்க" என்றான் சடையாண்டி.

"கேட்டு தெறக்கட்டும் மாப்பிள."

"நீங்க வந்து பாத்தீங்கன்னா தெறந்துருவோம். ஒங்களுக்காகத்தான் இப்படியே வச்சிருக்கு."

"அதெப்படி? கேட்டு சாத்தியிருக்கும்போது குறுக்க வந்தா கேஸு போட்ருவாங்க. தெறங்க, வர்றேன்."

"வாங்க, தெறக்குறோம்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் யாரும் தலையிடவில்லை. செவனம்மா சுவர் ஓட்டை வழியாகப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். வெயிலில் வெள்ளி மின்னியது. தவசி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"போட்டிருக்கியா தாயி?"

"போட்டிருக்கேண்ணே."

தவசியின் முகம் முழுக்கச் சிரிப்பு. பஸ்ஸுக்குள்ளேயே சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்துக்கொண்டார். "ரயிலு போகட்டும். போன மறு நிமிசம் மருமகன் என் மடியில" என்றார்.

செவனம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி ரயில் ஒன்றுதான் பாக்கி. எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. சுருளி தெருவை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, நம்ம ஊருல தண்டவாளமே இல்லையே."

டிரைவர், கண்டக்டர், பத்தர், வண்டிக்காரர்கள், எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். சடையாண்டி ரொம்ப நேரம் யோசித்தான்.

"அதான் ரயிலு இம்புட்டு நேரமாகுது" என்றான்.

அட ஆமாம் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தண்டவாளம் இல்லாமல் அது எவ்வளவு சிரமப்பட்டு வந்துகொண்டிருக்கிறதோ என்று ரயிலை நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். சும்மா காத்திருப்பதைவிட ஒரு மனு எழுதிப் போடலாம் என்றார் கண்டக்டர். அவரே பேனாவை எடுத்து, டிக்கெட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினார். 'ரயில் ஐயா அவர்களுக்கு. எங்கள் ஊர் கேட்டில் காலையிலிருந்து காத்திருக்கிறோம். ஒரே ஒரு தடவை வந்தால் போதும். நிற்கக்கூட வேண்டாம், சும்மா போனால் போதும்.' தவசி முதல் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் வரிசையாக நின்று கைநாட்டு வைத்தார்கள்.

மனு கைமாறிக் கைமாறி, பெட்டியின்மேல் நகர்ந்து சுவர் ஓட்டைக்கு வந்தது. செவனம்மா ஒரு கையில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, இரண்டாம் வகுப்பு எழுத்தில், அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

'வரும்போது ஊதாமல் வரவும். பிள்ளை இப்பதான் கண் அசந்திருக்கு.'